சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் நானோ மருந்து: மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு நானோ மருந்து செய்யும் ஆய்வுக்குப் போக விரும்பும் மகளை, நானோ டெக்னாலஜி என்று பெயரிலேயே இருக்கிற இளநிலைப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பார்மசி, வேதியியல், வேதிப்பொறியியல் இவற்றில் ஒன்றை முதலில் படிக்கட்டும். நானோவை முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம். காரணம் சிறுநீர்ப்பைக்குள் இருக்கிறது.

இந்தப் புற்றுநோய் கண்டறியப்படும்போது நான்கில் சுமார் மூன்று பேருக்குத் தசைக்குள் இறங்கியிருக்காது. கட்டியைச் சுரண்டி எடுத்தபின் மைட்டோமைசின் போன்ற புற்றுநோய் மருந்தைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியே பைக்குள் விட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் அடக்கிவைக்கச் சொல்வார்கள். அதற்குள் ஊறிவரும் சிறுநீர் மருந்தை நீர்க்கச் செய்துவிடும். உட்சுவரோ எதையும் எளிதில் உள்ளே விடாது. ஒருமுறை சிறுநீர் போனால் மருந்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைப் பூசிய நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்), தன் நேர்மின்னேற்றத்தால் சுவரின் மேலுள்ள எதிர்மின் படலத்தைப் பற்றிக்கொண்டு மருந்தை மெல்ல மெல்ல விடும் என்பதுதான் யோசனை.

யோசனை சுலபம், பை அப்படியில்லை. தூய நீரில் 150 நானோமீட்டர் காட்டிய துகள், சிறுநீரின் உப்பில் திரண்டு பல மடங்கு பெருத்துவிடலாம். சிறுநீரின் பி.எச். 4.5 முதல் 8 வரை அலையும், 6.5 தாண்டினாலே கைட்டோசானின் மின்னேற்றம் பெருமளவு குறைந்து பிடி தளரும். இதை முன்கூட்டியே கணிக்க இயற்பிய வேதியியல் வேண்டும். செல் சோதனையிலும் ஒரு கண்ணி உண்டு: தங்கத் துகள் தானே ஒளியை உறிஞ்சுவதால், உயிருள்ள செல்களை நிறத்தின் அடர்த்தியால் கணக்கிடும் எம்.டி.டி. சோதனையில் செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரலாம். செல் இல்லாமல் துகளை மட்டும் போட்ட குழி ஒன்றை ஒப்பீட்டுக்காகச் சோதனைத் தட்டில் வைக்காவிட்டால், பல மாத உழைப்பு வீண்.

வேலைக்கு வருவோம். டாக்சில், நாப்-பாக்லிடாக்சல் என்ற நானோ வடிவப் புற்றுநோய் மருந்துகள் முறையே 1995இலும் 2005இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. அதனால் நானோ மருந்துத் தொழில் வெறும் கனவல்ல. ஆனால் சிறுநீர்ப்பைக்குள் நேராக விடும் நானோ மருந்துகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன. யூரியாவை எரிபொருளாக்கி நீந்தும் துகள்கள் ஒரே டோஸில் கட்டியைச் சுமார் 90% சுருக்கியதாக 2024இல் வந்த பார்சிலோனா ஆய்வை மகள் காட்டியிருப்பாள். அது எலியில் நடந்தது. எலியிலிருந்து நோயாளிக்குப் போகப் பல ஆண்டுகள் ஆகும், பல துகள்கள் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

ஆகவே இந்த ஒரே நோயை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சொந்தமாக ஆய்வை நடத்த முனைவர் பட்டம் வேண்டும், எல்லாம் சேர்ந்து பத்தாண்டு பிடிக்கும். முதுநிலையோடு நிறுத்தினாலும் மருந்து வடிவமைப்பு, தரக் கட்டுப்பாடு, அனுமதி ஆவணப் பணி என்று வழிகள் உண்டு. அடிப்படைப் பட்டம் பார்மசியாக இருந்தால் அவை எளிதில் திறக்கும்.

முதுநிலைக்கு இடம் பார்க்கும்போது துறைத்தலைவரைவிட அங்கே படிக்கிற மாணவர்களிடம் பேசட்டும். துகள் அளவையும் ஜீட்டா மின்னழுத்தத்தையும் (துகள் மேற்பரப்பின் மின்னேற்றத்தைக் காட்டும் அளவு) தாங்களே அளக்கிறார்களா, மாதிரியை வெளியே அனுப்பிவிட்டு அறிக்கைக்குக் காத்திருக்கிறார்களா? சிறுநீரியல் மருத்துவர் யாராவது ஆய்வில் கூட்டு சேர்ந்திருக்கிறாரா? இரண்டுக்கும் நேரான பதில் வராத இடத்தில் கட்டணம் கட்டாதீர்கள்.