விமானிப் பயிற்சிப் பள்ளிகள், பயணிகள் விமானத்தைப் பாதுகாப்பாக ஓட்டும் அளவுக்கு மாணவர்களைத் தயார் செய்கின்றனவா?

கோழிக்கோட்டுக் கரிப்பூர் விமான நிலையத்தில் நடந்த விபத்தைச் சுட்டிக்காட்டி, அத்தனை அனுபவமுள்ள கேப்டனுக்கே அப்படி நேரும்போது 200 மணி நேரம் பறந்துவிட்டு வரும் பையனை நம்பி எப்படி விமானத்தில் ஏறுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால், உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் எடுத்துக்கொண்டு பயிற்சிப் பள்ளிகளின் கட்டண விவரத்தைத் தேடிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. நான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன். வெளிமாநிலப் பள்ளி ஒன்றில் வணிக விமானி உரிமம் வாங்கி, இன்று ஒரு தனியார் நிறுவனத்தில் துணை விமானியாக இருக்கிறேன். நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டியிருந்தால் இந்தப் பதிலையே எழுதியிருக்க மாட்டேன்.

பள்ளிகள் உரிமத்துக்குத் தயார் செய்கின்றன. பயணிகள் விமானத்துக்குத் தயார் செய்வதில்லை. இப்படிச் சொன்னதும் பள்ளி நடத்துபவர்கள் என் மேல் பாய வேண்டாம், ஏனென்றால் சட்டம் அவர்களிடம் கேட்பதே அவ்வளவுதான். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி வணிக உரிமத்துக்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் மாணவன் கையில் இருக்க வேண்டும். பெரும்பாலும் தனியாகப் பறந்துதான் அந்தக் கணக்கு நிரம்புகிறது. தனியே முடிவெடுக்கும் துணிச்சலை இந்த ஏற்பாடு நன்றாகவே வளர்க்கிறது. ஆனால், விமான நிறுவனத்தில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் நாள் வரை பயணிகளை ஏற்றிக்கொண்டு யாரும் தனியாகப் பறப்பதில்லை. ஒருவர் ஓட்டுவதும், மற்றவர் கண்காணிப்பதும், பிசகு தெரிந்தால் சொல்வதும், சொல்லியும் பதில் வராவிட்டால் கட்டுப்பாட்டைக் கையில் எடுப்பதும்தான் அங்கே பாதுகாப்பின் அடிப்படை. இதைப் பள்ளியில் யாரோடு சேர்ந்து பழகுவது? பக்கத்து இருக்கையில் பயிற்றுநர் இருந்தால் அவர் சொல்வதுதான் சட்டம். அவர் இறங்கிப் போய்விட்டால் இருக்கை காலி.

வானிலை இன்னொரு சங்கதி. பள்ளி விமானங்கள் பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியின் கீழ் பறப்பவை. அதற்கு 5 கிலோமீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும். பயணிகள் விமானமோ, கருவி வழி இறங்கும் முறையின் முதல் வகையிலேயே, ஓடுபாதையில் 550 மீட்டர் தெரிந்தால் போதும் என்ற கணக்கில், தரைக்கு 200 அடி வரை மேகத்துக்குள்ளேயே வந்து, இறங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். நான் பழகிய செஸ்னா 172இல் முன்கண்ணாடியைத் துடைக்க வைப்பரே கிடையாது. தேவையும் இல்லை, மழை பிடித்துக்கொண்டால் அன்று பறப்பு இல்லை. பருவமழை நாட்களில் விமானங்களை ஹேங்கருக்குள் தள்ளிவிட்டு, வகுப்பறையில் உட்கார்ந்து வானிலையியல் தேர்வுக்கான வினாக்களைப் புரட்டிக்கொண்டிருப்போம். ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊர்த் தென்னைகளைக் கிழக்கே சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். அந்தக் காற்றிலும் மழையிலும் ஒரு விமானத்தை இறக்குவது எப்படி என்று பழகும் வாய்ப்பு, உரிமம் கைக்கு வரும்வரை எனக்குக் கிடைக்கவில்லை. ஊருக்கு வந்தபோது பக்கத்துத் தோட்டத்து மாமா, "லைசென்ஸ் வாங்கியாச்சுன்னா நாளைக்கே கோயமுத்தூருக்குப் பெரிய பிளேனை ஓட்டிட்டு வந்துடலாமில்ல தம்பி?" என்று கேட்டார். உரிமத்துக்கும் அந்தப் பெரிய பிளேனுக்கும் நடுவில் இன்னொரு பள்ளிக்கூடமே இருக்கிறது என்பதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

இனி நீங்கள் குறிப்பிட்ட விபத்து. 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து 190 பேரோடு வந்த போயிங் 737, முதல் முறை இறங்க முடியாமல் மேலே போய், மறுமுறை எதிர்ப்பக்கத்திலிருந்து, பின்காற்றோடு வந்தது. 8,858 அடி நீள ஓடுபாதையில் ஏறத்தாழ 4,438 அடியைத் தாண்டிய பிறகே அது தரை தொட்டது. ஓடுபாதையின் முடிவையும் கடந்து சரிவில் விழுந்து உடைந்ததில், இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். விமான விபத்துப் புலனாய்வு அமைப்பின் அறிக்கையைப் பொறுமையாகப் படித்தால் உங்கள் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது. கேப்டன் விமானப்படையிலிருந்து வந்தவர். விமானம் ஓட்டத் தெரியாதவர் அல்லர். நிலைப்படாத இறக்கத்தைக் கைவிடாமல் தொடர்ந்ததும், 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மேலே போய்விடு என்று துணை விமானி சொன்ன பிறகும் இறங்கியதும், துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்காததுமே காரணங்கள் என்று அறிக்கை சொல்கிறது. 2010 மே 22 அன்று மங்களூருவில் 158 பேர் இறந்த விபத்திலும், மேலே போகச் சொன்ன துணை விமானியின் பேச்சு எடுபடவில்லை. இறந்தவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அது என் நோக்கமும் இல்லை. ஆனால் அந்த இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குபவன் என்பதால், இந்த இரண்டு அறிக்கைகளையும் மற்றவர்கள் படிப்பது போல என்னால் படிக்க முடிவதில்லை.

இந்தப் பாடம் எனக்கு எங்கே கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தில் சேர்ந்து ஏடிஆர் என்ற விமான வகையை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி, அதாவது டைப் ரேட்டிங், நடந்துகொண்டிருந்தபோது, சிமுலேட்டரில் எங்களுக்கு வாய்த்தவர் நரைத்த மீசையோடு இருந்த ஒரு மலையாளி கேப்டன். அன்று அவரே இடது இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். கொச்சியில் இறங்குகிறோம், இரவு, கடுமழை. மேகத்துக்குள் வரும்போது 1000 அடிக்குள் வேகமும் சரிவும் நிலைப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே போய்விட வேண்டும் என்பது விதி. அவர் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டிக்கொண்டு, கீழிறங்கும் வேகத்தையும் நிமிடத்துக்கு 1000 அடிக்கு மேல் விட்டுவிட்டார். "அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்" என்றேன். அவர் முகத்தில் சலனமில்லை. மறுபடியும் சொன்னேன். எங்கோ பார்த்துக்கொண்டு சீட்டியடித்தார். இரண்டு முறை சொல்லியும் பதில் வராவிட்டால் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று படித்திருந்தபடி, "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கையிலெடுத்தேன். மனிதர் விடவில்லை, அவர் கை இறுக்கத்தை என் பக்கத்துக் கட்டுப்பாட்டுத் தண்டில் உணர முடிந்தது. இன்னும் உரக்க ஒருமுறை சொல்லி, விசையைக் கூட்டி மேலே இழுத்த பிறகுதான் கையை எடுத்தார். வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது, "இதை எந்த ஸ்கூலில் படித்தாய்?" என்றார். "ஸ்கூலில் இல்லை சார், நேற்று நடந்த வகுப்பில்" என்றேன்.

எங்கள் அணியில் சிலர் அவரோடு சேர்ந்தே தரை வரை போனார்கள். அவர்கள் மந்தமானவர்கள் அல்லர். என்னைவிட மெத்தென்று இறக்கக்கூடியவர்கள். பள்ளியில் பயிற்றுநரை எதிர்த்துப் பேசினால் பறப்பு வரிசையில் பெயர் பின்னால் போய்விடும் என்ற பயத்திலேயே காலத்தைக் கழித்தவர்களுக்கு, ஒரு கேப்டனின் கையிலிருந்து விமானத்தை வாங்குவது எப்படி ஒரே வாரத்தில் வந்துவிடும்?

பிற்பாடு ஒரு ஜூலை மாதத்தில், கேரளத்து விமான நிலையம் ஒன்றில் நிஜமாகவே நான் 'கோ அரவுண்ட்' சொல்லும்படி ஆயிற்று. ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன் ஒரு நொடிகூடத் தயங்காமல் மேலே போனார். மழை விடாததால் கோவையில் போய் இறங்கினோம். பயணிகள் எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். பாலக்காட்டுக்காரர்கள் சிலர் மட்டும் இங்கேயே இறங்கிக்கொள்ளலாமா என்று ஆசையோடு கேட்டார்கள்.

அமெரிக்காவைப் போல 1500 மணி நேரம் கேட்டால் தீர்ந்துவிடுமே என்று யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். அந்த விதி, 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே 50 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு 2010இல் சட்டமாகி, 2013இல் நடைமுறைக்கு வந்தது. அந்த விமானத்தின் இரு விமானிகளும் 1500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்களே. வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது, வேகத்தை மீட்க மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாகக் கேப்டன் மேலே இழுத்தார். மூக்கைத் தாழ்த்து என்பது பயிற்சிப் பள்ளியில் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் பாடம். அதை ஒழுங்காகவே சொல்லித்தருகிறார்கள், அந்தப் புகழைப் பள்ளிகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் தானியங்கிக் கருவி ஓட்டிக்கொண்டே இருக்கும் வேலையில் அந்தப் பாடம் கையிலிருந்து நழுவிவிடுகிறது. அதை மறக்காமல் வைத்திருப்பது நிறுவனத்தின் சிமுலேட்டர் பயிற்சியின் பொறுப்பு. ஐரோப்பாவில், இருவர் ஓட்டும் விமானத்துக்குப் போகுமுன் கூட்டாக வேலை செய்யும் பயிற்சி தனியாகவே கட்டாயம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2006இல் எம்பிஎல் என்ற புதுவகை உரிமத்தைக் கொண்டுவந்ததும், தொடக்கத்திலிருந்தே இருவராகப் பழக்க வேண்டும் என்பதற்காகத்தான். மணிக்கணக்கைக் கூட்டுவதைவிட இது எனக்கு நியாயமாகப் படுகிறது.

மணிக்கணக்கு என்றதும் வயிற்றெரிச்சல் வருகிறது. 2011இல், போலி மதிப்பெண் சான்று கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் நம் நாட்டில் கைதானார்கள். பறக்காத மணிகளை லாக் புக்கில் எழுதிக் கொடுத்த விவகாரமும் அப்போதுதான் ராஜஸ்தானில் வெளிவந்தது. மாணவனுக்குப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. செலவு 50 லட்சத்தைத் தாண்டுகிறது. நான் கடனுக்கு அலைந்தபோது, கோவை வங்கியில் நிலம் கேரளத்தில் இருக்கிறது, பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது என்றார்கள். பாலக்காட்டு வங்கியில், பண்ணையம் பார்க்கும் அப்பாவுக்கு வருமான வரிக் கணக்கு இல்லை என்றார்கள். எல்லையில் பிறந்தவனுக்கு இரண்டு பக்கமும் கதவு சாத்தித்தான் இருக்கும். எப்படியோ புரட்டிய பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கையில், 'இந்த விமானத்தின் பராமரிப்புப் பதிவு சரியில்லை, இன்று பறக்கமாட்டேன்' என்று சொல்லும் மாணவன் அபூர்வம்.

ஆகவே, பிள்ளையைச் சேர்க்குமுன் பள்ளிக்கு நேரில் போங்கள், மழைக்காலத்தில் போனால் இன்னும் நல்லது. ஓடும் நிலையில் எத்தனை விமானங்கள், அவற்றுக்கு எத்தனை மாணவர்கள் என்று ஹேங்கரில் நின்று எண்ணுங்கள். பறக்காத நாட்களில் இரண்டு மாணவர்களைச் சேர்த்துச் சிமுலேட்டரில் உட்கார வைக்கிறார்களா என்று கேளுங்கள். பறக்க மறுத்த மாணவன் யாராவது உண்டா, அவனுக்கு என்ன ஆயிற்று என்பதை அலுவலகத்தில் கேட்காதீர்கள், கேன்டீனில் பையன்களிடம் கேளுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே டிஜிசிஏ முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கட்டிய பணத்தை இந்தப் பள்ளிகள் லேசில் திருப்பித் தருவதில்லை.