பதில்: சில்ஹெட்டில் இருக்கும் மகளை எப்படி அழைத்து வருவது?

அண்ணாச்சி, மகள் வங்கதேசத்துச் சில்ஹெட்டில் மருத்துவம் படிக்கிறாள், ஊரடங்கு போட்டதிலிருந்து வாட்ஸ்அப்பில் பதில் இல்லை, நம் தூதரகம் நேரே விடுதிக்குப் போய்க் கூட்டிவராதா என்று அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

வாட்ஸ்அப் ஓடாததை வைத்துப் பயப்படாதீர்கள். 2024 ஜூலை மாணவர் போராட்டத்தின்போது அங்கே அரசே இணையத்தை முடக்கியது, இப்போதும் அப்படி இருக்கலாம். சாதாரண ஐஎஸ்டி அழைப்பு போட்டுப் பாருங்கள், விடுதி வார்டனுக்கும் சேர்த்து.

தூதரகத்தைத் திட்டிப் பயனில்லை. அடுத்த நாட்டுத் தெருவில் நம் அதிகாரிகளுக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. தூதரகங்கள் என்ன செய்யலாம் என்று நாடுகள் பேசி வைத்த 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி நம் ஆட்களைப் பார்க்கலாம், பேசலாம், உதவலாம். பாதுகாப்பு கொடுப்பது அந்த நாட்டு அரசின் வேலை. பிள்ளைகளை ஏற்றிவரும் பஸ்ஸுக்கு முன்னால் போலீஸ் வண்டி வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதற்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் கையில் வேண்டும். சில்ஹெட்டிலேயே இந்தியாவின் உதவித் தூதரகம் இருக்கிறது. பெயர், பாஸ்போர்ட் எண், விடுதி முகவரி மூன்றையும் அங்கே பதியுங்கள்.

பாஸ்போர்ட் கல்லூரி அலுவலகத்தில் கிடந்தால் இன்றே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். முக்கியமானது இதுதான்!

வழி பக்கம்தான்: தாமாபில் எல்லை தாண்டினால் மேகாலயாவின் டாவ்கி, அப்புறம் ஷில்லாங், குவாஹாத்தி விமானம். 2024இல் நிறையப் பேர் அப்படித்தான் வந்தார்கள். ஆனால் தனியாக ஆட்டோ பிடித்துக் கிளம்ப வேண்டாம், கூட்டமாக, துணையோடு மட்டும்.

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள், திங்கட்கிழமை வரை காத்திருக்காமல். அயலகத் தமிழர் நலத்துறைக்கும் ஒரு நகல். சேர்த்துவிட்ட ஏஜென்ட் 'நான் கூட்டிவருகிறேன், பணம் போடுங்க' என்றால் ஒரு பைசா அனுப்பாதீர்கள்.