எதிர் மேஜைக்குப் போகும் மெயில்

கேள்வி: எங்களுடையது 14 பேர் வேலை செய்யும் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். சொந்த டொமைனில் மெயில், ஹோஸ்டிங் நிறுவனத்தில் இருக்கிறது. 12 எம்.பி. டிசைன் ஃபைலை எதிர் மேஜைக்கு அனுப்பினாலும் வெளியே போய்ச் சுற்றித்தான் வருகிறது. பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு (லினக்ஸ்) போட்டு மெயில் சர்வர் வைத்துவிட்டு, ஹோஸ்டிங்கை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: சர்வர் வையுங்கள். ஹோஸ்டிங்கை மட்டும் நிறுத்தாதீர்கள். பையரின் (சரக்கு வாங்குபவரின்) மெயில் ராத்திரி 2 மணிக்கு வரும். உங்கள் தெருவில் கரண்ட் போயிருந்தாலும் அதை வாங்கி வைக்க ஆள் வேண்டும். அனுப்புவதில் சிக்கல் இன்னும் அதிகம். சாதாரண பிராட்பேண்ட் ஐ.பி. முகவரியிலிருந்து நேரடியாக அனுப்பினால் ஜிமெயில் போன்றவை ஸ்பாமில் தள்ளும், இல்லையென்றால் வாங்கவே வாங்காது. அதனால் எம்.எக்ஸ். ரெக்கார்டை, அதாவது உங்கள் டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவை, தொடவே வேண்டாம்.

ஏற்பாடு இப்படி இருக்கட்டும், உங்கள் சர்வரில் மூன்று புரோகிராம்களை வைத்து. ஹோஸ்டிங்குக்கு வரும் மெயிலை ஃபெட்ச்மெயில் 2 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வரும். டவ்காட் அதை அவரவர் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். வெளியே போகும் மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ், ஹோஸ்டிங்கின் சர்வருக்கு 587 போர்ட் (இணைப்பு வாசல்) வழியாக, பாஸ்வேர்டோடு தள்ளிவிடும். உங்கள் டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். ரெக்கார்டில் ஹோஸ்டிங் ஏற்கெனவே இருப்பதால் அதையும் மாற்ற வேண்டியதில்லை. ரௌட்டரில் எந்த போர்ட்டையும் வெளியே திறந்துவிடாதீர்கள்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, நானும் மாட்டினேன். ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு இதே மாதிரி அமைத்தபோது, அவர்கள் டொமைனை போஸ்ட்ஃபிக்ஸ் செட்டிங்ஸ் ஃபைலின் ‘மை டெஸ்டினேஷன்’ வரியில் எழுதிவிட்டேன். அந்த டொமைனுக்கு நான்தான் கடைசி முகவரி என்று சர்வர் பெட்டி நம்பிவிட்டது. கிளை அலுவலகத்தில் இருந்த 3 பேருக்கு அந்தப் பெட்டியில் கணக்கு கிடையாது. அவர்களுக்கு அனுப்பியதெல்லாம் ‘யூசர் அன்நோன்’ (அப்படி ஒருவர் இல்லை) என்று திரும்பியது. ஆங்கிலத்தில் நீளமாக வந்ததைக் கணக்குப் பிரிவு அம்மா விளம்பரம் என்று நினைத்து அழித்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குத் தெரிய 4 நாள் ஆனது.

ஆகவே டொமைனை அந்த வரியில் எழுதாதீர்கள். அலுவலகத்துக்குள்ளேயே இருப்பவர்களின் முழு முகவரியை மட்டும் ‘விர்ச்சுவல் ஏலியஸ் மேப்ஸ்’ பட்டியலில் போட்டு, எதிரே பெட்டியில் அவர்களுக்குள்ள யூசர் பெயரை எழுதுங்கள். பட்டியலில் இல்லாத முகவரிக்குப் போவது, உங்கள் டொமைனாகவே இருந்தாலும், ஹோஸ்டிங்குக்குப் போய்விடும். ஃபெட்ச்மெயில் கொண்டுவருவதையும் யூசர் பெயருக்கே சேர்க்கச் சொல்லுங்கள். முழு முகவரி கொடுத்து, அது பட்டியலிலும் இல்லையென்றால், அதே மெயில் ஹோஸ்டிங்குக்கும் உங்களுக்குமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதலாளி போனில் மெயில் பார்ப்பவரா? அப்படியானால் அவரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், உள்ளுக்குள் அனுப்பிய மெயில் பெட்டியோடு நின்றுவிடும், அவர் போனுக்குப் போகாது. வெளியிலிருந்து வருவதற்கும் ஃபெட்ச்மெயிலில் ‘கீப்’ என்று எழுத மறக்கக் கூடாது. எழுதாவிட்டால் எடுத்ததை ஹோஸ்டிங்கிலிருந்து அழித்துவிடும். போன் காலியாக இருக்கும், உங்களைக் கூப்பிடுவார்கள். ‘கீப்’ போட்டால் ஹோஸ்டிங் இடம் நிரம்பும், மாதம் ஒருமுறை பழையதைக் கழிக்க வேண்டும்.

அப்புறம் உங்கள் 12 எம்.பி. ஃபைல். மெயிலில் இணைக்கும்போது அது மூன்றில் ஒரு பங்கு வீங்கி 16 எம்.பி. ஆகும். போஸ்ட்ஃபிக்ஸ் வந்தபடியே இருந்தால் 10 எம்.பி.க்கு மேல் வாங்காது. ‘மெசேஜ் சைஸ் லிமிட்’ வரியை 40 எம்.பி. அளவுக்கு, பைட் கணக்கில், மாற்றுங்கள். இதை விட்டால் இத்தனை பாடுபட்டும் எதிர் மேஜைக்கு டிசைன் போகாது.

பழைய கம்ப்யூட்டர் என்கிறீர்கள். ஹார்ட் டிஸ்க் மட்டும் புதிதாக வாங்குங்கள், ஒரு யு.பி.எஸ்.ஸும். முதல் வாரம் 2 பேரை வைத்து ஓட்டிப் பாருங்கள். கணக்குப் பிரிவு கடைசியில் சேரட்டும்.