பான் மீ: ரொட்டி ஏன் ஊறிப்போகிறது?

கேள்வி: பான் மீ என்னும் வியட்நாம் பன்றிக்கறி சாண்ட்விச் செய்தால் ரொட்டி சொதசொதக்கிறது, கறி கருகுகிறது. ஏன்?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: ரொட்டி ஊறுவதற்குக் குற்றம் உள்ளே வைக்கும் கேரட்-முள்ளங்கி ஊறுகாயில். கேரட், முள்ளங்கி தலா 200 கிராம் தீக்குச்சி கனத்தில் நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுப் பிசறுங்கள். 15 நிமிடத்தில் வளைத்தால் ஒடியாது. அப்போது அலசிப் பிழியுங்கள். பிறகு அரை கப் வினிகர், அரை கப் வெந்நீர், கால் கப் சர்க்கரை கலந்த கரைசலில் ஒரு மணி நேரம். ரொட்டியில் வைக்குமுன் மறுபடியும் பிழிய வேண்டும்.

உங்கள் ஊர்க் கடல்காற்றில் ரொட்டியின் மேலோடு நமுத்துவிடும். 180 டிகிரி அவனில் 5 நிமிடம் வைத்து, உள்ளே ஓரம்வரை மயோனைஸ் தடவுங்கள். இனிப்பு பன் வேண்டவே வேண்டாம்.

கறி கருகுவது சர்க்கரையால். அரை கிலோ தோள்கறிக்கு மீன் சாஸ் 2 டேபிள்ஸ்பூன், சர்க்கரை ஒன்று, பூண்டு, மிளகு போதும். மசாலாவை வழித்துவிட்டு, மிதமான தீயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரியுங்கள். மீன் சாஸ் இல்லையென்று நெத்திலிக் கருவாட்டைக் கரைத்து ஊற்றாதீர்கள்; உப்புதான் ஏறும், புளித்த மணம் வராது.