துப்பாக்கிக் குண்டுப் பெட்டியில் போட்டிருக்கும் பி.சி. எண்ணை நம்பலாமா, எப்படிச் சரிபார்ப்பது?

பாலிஸ்டிக் கோயெஃபிஷண்ட், சுருக்கமாக பி.சி., ஒரு குண்டு காற்றை எவ்வளவு நன்றாகக் கிழித்துப் போகிறது என்பதைச் சொல்லும் எண். எண் பெரிதானால் வேகம் மெதுவாகக் குறையும்.

குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கான (நம் பக்கம் நாட்டுத் துப்பாக்கி என்போம்) குண்டுகள் பெரும்பாலும் குட்டையாக, மொக்கை மூக்கோடு இருக்கும். பெட்டியிலுள்ள எண்ணோ பொதுவாக 'ஜி1' என்ற பழைய மாதிரிக் குண்டோடு ஒப்பிட்டுச் சொல்வது. உருவம் வேறுபட்டால் வேகம் மாறும்போது பி.சி.யும் மாறும், அதுவும் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது நன்றாகவே மாறும். அச்சிலோ ஒற்றை எண்தான்!

பைக் மைலேஜ் மாதிரிதான் இதுவும். விளம்பரத்தில் சொன்னது மேலூர் நான்குவழிச் சாலையில் கிடைக்கலாம், கோரிப்பாளையம் நெரிசலில் கிடைக்குமா?

சரிபார்க்க, உரிமத்தோடு முறையான சுடுதளத்தில், குழலருகே குண்டின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றும் 100 மீட்டரில் இன்னொன்றும் வையுங்கள். பத்துக் குண்டாவது சுட்டு, வேகம் எவ்வளவு குறைந்தது என்று சராசரி எடுங்கள். அதிலிருந்து பி.சி.யைக் கணக்கிட்டு, அச்சிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். அன்றைய வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது ரொம்ப முக்கியம். அச்சிட்ட எண் சுமார் 15 டிகிரி குளிருக்கானது; மதுரையின் 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. இதை விட்டுவிட்டால் குண்டு உண்மையைவிட நல்லதாகத் தெரியும்.

பி.சி. அதிகமென்றால் குறி தப்பாது என்று பலர் நினைக்கிறார்கள். குண்டுகள் ஒரே இடத்தில் விழுவது குழலோடு அவை பொருந்துவதையும் மருந்தளவு மாறாமல் இருப்பதையும் பொறுத்தது, பி.சி.யை அல்ல.