சென்னையில் நடக்கும் சின்ன ஹெவி மெட்டல் (கனமான, சத்தமான ராக் இசை) ஷோவுக்கு நண்பர் கூப்பிடுகிறார். மெட்டல் பழக்கமில்லாத நான் போகலாமா?

தாராளமாகப் போங்கள். கேட்டால் இரைச்சலாக இருக்கிறது, பாடுவது ஒரு வரி கூடப் புரியவில்லை, நண்பர் மேடையில் இருப்பார், நான் கீழே தனியாக நிற்க வேண்டுமே என்று தயக்கம், இந்த மூன்றையும்தான் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்குமே சின்ன ஷோதான் சரியான இடம் என்பேன். கல்லூரிக் காலத்திலிருந்து இந்த ஊரில் ஷோ பார்க்கிறவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இரைச்சல். போன் ஸ்பீக்கரில் மெட்டல் கேட்டால் கிடார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெறும் கரகரப்பாகத்தான் வரும், அதைக் கேட்டு இந்த இசையை முடிவு பண்ணக் கூடாது. நேரில் பத்தடி தூரத்தில் நிற்கும்போது கண் காதுக்கு வழி காட்டும். கிடார் வாசிப்பவரின் வலது கையையே பாருங்கள். உள்ளங்கை ஓரத்தைத் தந்திகள் மேல் லேசாக அழுத்தி வைத்தபடி மீட்டுவார், அப்போது அடங்கிப் போய் "ஜக் ஜக்" என்று குத்துகிற ஒலி வரும். கையைத் தூக்கினால் அதே தந்தி முழுசாகத் திறந்து முழங்கும். மூடுவதும் திறப்பதுமான இந்த விளையாட்டில்தான் பாதிப் பாட்டே இருக்கிறது. அப்புறம் டிரம்மரின் கால்கள். இரட்டைப் பெடல் வைத்து இரண்டு காலாலும் ஒரே பேஸ் டிரம்மை அடிப்பார்கள். சின்ன இடங்களில் அந்த டிரம் முன்னால் நகர்ந்து போகாமல் இருக்க ஒரு செங்கல்லையோ கனமான பெட்டியையோ முட்டுக் கொடுத்திருப்பார்கள், வேகமான பகுதி வரும்போது அந்தக் கல் அதிர்வது கூடத் தெரியும். பெரிய மெட்டல் பேண்டுகளான (இசைக்குழுக்களான) அயர்ன் மெய்டன் 2007-லும் மெட்டாலிகா 2011-லும் பெங்களூரில் வாசித்தபோது இங்கிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் போனவர்கள் நிறைய. நம் ஊரிலேயே 2009-ல் ஐஐடி மாணவர்களின் சாரங் கலை விழாவுக்கு ஸ்வீடனின் ஓபெத் பேண்ட் வந்தது. பெரிய ஷோக்கள் பெரிய சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாசிப்பு எப்படி நடக்கிறது என்று கண்ணால் கற்றுக்கொள்ள முடிவது சின்ன அறையில்தான்.

அந்தக் கனமான ஒலி எங்கிருந்து வந்தது என்று தெரிந்து போனால் இன்னும் நன்றாக இருக்கும். 1970-ல் முதல் ஆல்பம் போட்ட பிளாக் சபாத் என்ற பேண்ட் இங்கிலாந்தின் பர்மிங்காம் ஆட்கள், தொழிற்சாலை ஊர். அவர்களின் கிடாரிஸ்ட் டோனி அயோமி 17 வயதில் தகடு வேலை செய்யும் ஃபாக்டரியில் இயந்திரத்தில் கை மாட்டி இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரல் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளுக்கு மாறி, பிறகு வலி குறையவேண்டும் என்று தந்திகளைத் தளர்த்தி ஸ்ருதியையும் இறக்கினார். இன்றைக்கு உங்கள் நண்பர் கிடாரை இறக்கி ட்யூன் பண்ணுவதற்கும் அதுதான் வேர். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த என் பெரியப்பா, நான் மெட்டலைப் பற்றிப் பேசியதில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டது இந்தக் கதையை மட்டும்தான்.

வரி புரியாததைப் பற்றி: உறுமிப் பாடுகிற குரல் வெறும் கத்தல் இல்லை. குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிர வைத்து, வயிற்றிலிருந்து மூச்சை எடுத்துச் செய்கிற பயிற்சி அது. சரியாகப் பழகாதவருக்குத் தொண்டை கட்டிவிடும். முதல் தடவை வரிகளைத் தேடாதீர்கள், அந்தக் குரலை இன்னொரு தாள வாத்தியமாகக் கேளுங்கள். பாட்டு முடிந்ததும் அதே ஆள் மைக்கில் சாதாரணக் குரலில் "எல்லாரும் சாப்ட்டீங்களா, தண்ணி குடிங்க" என்பார், எனக்கு ஒவ்வொரு தடவையும் அது பிடிக்கும். கூட்டம் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் கொம்பு மாதிரி காட்டும், பயப்படாதீர்கள். 1979-ல் பிளாக் சபாத்தில் சேர்ந்த பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ பரப்பிய முத்திரை அது. அவருடைய இத்தாலியப் பாட்டி கண்ணேறு படாமல் இருக்கக் காட்டியது, நம் பாட்டிகள் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவது மாதிரி.

தனியாக நிற்பதைப் பற்றி. மேடைக்கு முன்னால் நடுவில் இடம் விட்டு, தோளோடு தோள் மோதி ஆடுவார்கள், பிட் என்போம். பார்க்கச் சண்டை மாதிரி இருக்கும். ஆனால் ஒருத்தர் விழுந்தால் சுற்றி இருப்பவர்கள் சட்டென்று கையை விரித்துத் தடுத்து நின்று தூக்கிவிடுவார்கள். கீழே விழுந்த ஷூவையோ கண்ணாடியையோ எடுத்து, சொந்தக்காரர் வரும்வரை யாராவது தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பார். ஆடப் பிடிக்காவிட்டால் சுவர் ஓரமாகவோ சவுண்ட் இன்ஜினியரின் மிக்ஸருக்குப் பக்கத்திலோ நின்றுகொள்ளுங்கள், ஒலி அங்கேதான் மிக நன்றாகக் கேட்கும். பிட்டைச் சாக்காக வைத்துப் பெண்கள் மேல் கை வைக்கிறவன் எங்கேயும் ஒருத்தன் வரலாம். பார்த்தால் சும்மா இருக்காதீர்கள், உடனே ஏற்பாட்டாளரிடம் சொல்லுங்கள். சின்ன ஷோவில் அவர் கதவுப் பக்கத்திலேயே நிற்பார், பாட்டை நிறுத்தி ஆளை வெளியேற்றிய பேண்ட்களைப் பார்த்திருக்கிறேன். அப்படித்தான் செய்யவேண்டும்.

காதுக்கு நுரை அடைப்பான் கட்டாயம் வாங்குங்கள், இதில் நான் பிடிவாதக்காரன். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் (NIOSH) அமைப்பின் கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். தாழ்வான கூரை போட்ட அறையில் மெட்டல் அதை எளிதாகத் தாண்டும். ஷோ முடிந்து காதில் "ங்ஙொய்ய்" என்று கேட்டால் அது பெருமை இல்லை, காது பட்ட அடி. மெடிக்கல் ஷாப்பிலேயே அது கிடைக்கும். உருட்டி மெலிசாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டுச் சில நொடி அழுத்திக்கொள்ளுங்கள். போட்டுக்கொண்டால் இசை போய்விடாது, சத்தம்தான் குறையும்.

மற்றவை சின்ன விஷயங்கள். கறுப்பு டி-ஷர்ட்டுதான் போடவேண்டும் என்று இல்லை, நம் ஊர் வியர்வைக்குப் பருத்தியாக இருந்தால் போதும், ஆனால் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். ஓட்டல் பாரில் நடக்கிறது என்றால் வயதுக்கான அடையாள அட்டை எடுத்துப் போங்கள், தமிழ்நாட்டில் மது அருந்தும் வயது 21 என்பதால் வாசலில் கேட்பார்கள். திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும், அது சட்டம், அதனால் நேரத்துக்குத் தொடங்கவே பார்ப்பார்கள்.

உங்கள் நண்பரின் பேண்ட் கடைசியில்தான் வாசிக்கும் என்றாலும் முதல் பேண்டுக்கே போய்விடுங்கள். காலி அறைக்கு முன்னால் வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வாசிக்கிறவருக்குத்தான் தெரியும், இருபது பேர் முன்னால் வந்து நின்றாலே அவர்கள் வாசிப்பு மாறுவது கண்கூடாகத் தெரியும். அப்புறம், நண்பர்தானே என்று இலவச டிக்கெட் கேட்காதீர்கள். டிக்கெட் காசு முதலில் சவுண்ட் வாடகைக்கும் இடத்துக்கும் போகும், மிச்சத்தைத்தான் மூன்று நான்கு பேண்டுகள் பங்கு போட்டுக்கொள்ளும், பல நாள் அது அவர்கள் ஆட்டோ செலவுக்குக் கூடக் காணாது. கையில் காசு இருந்தால் மேஜையில் விற்கிற டி-ஷர்ட் ஒன்றும் வாங்குங்கள். உங்கள் அளவு தீர்ந்துபோகும், உள்ளே நுழைந்ததுமே வாங்கிவிடுவது நல்லது.