வீல் பேன்ட் மூக்கில் துணி ஏன் படிய மறுக்கிறது?

கேள்வி: என் மாடல் விமானத்துக்குப் பால்சா கட்டையில் வீல் பேன்ட் (சக்கரத்தை மூடும் கூடு) செதுக்கி, மேலே ஃபைபர்கிளாஸ் துணி ஒட்டுகிறேன். மூக்குப் பக்கம் சுருக்கம் விழுகிறது, ஓரம் எழும்பி நிற்கிறது. இரண்டு தடவை சுரண்டி எடுத்தாயிற்று. என்ன செய்யலாம்?

பதில்: துணியை நேராக வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கண்ணாடி நூல் இழுத்தால் நீளாது. நூல் ஓடும் திசையிலேயே வெட்டிய துண்டு, உருண்டையான மூக்கில் எங்காவது மடிந்தே தீரும். அதையே 45 டிகிரி சாய்த்து வெட்டிப் போடுங்கள். நெசவின் சதுரக் கட்டங்கள் சாய்சதுரமாகச் சரிந்து வளைவோடு ஒட்டிக்கொண்டு போகும். ஜாக்கெட் கழுத்துக்குத் தையல்காரர் கிராஸ் பீஸ் வெட்டுவதும் இதற்காகத்தான்.

சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள துணி போதும். முக்கால் அவுன்ஸ் (சதுர கஜத்துக்கு) என்று கேட்டால் கிடைக்கும். 2 அவுன்ஸ் துணி இறக்கையின் நடு இணைப்புக்கு நல்லது, இந்தச் சின்ன வளைவுக்கு முரடு.

முழுக் கூட்டையும் ஒரே துண்டில் சுற்றப் பார்க்காதீர்கள். இன்று இடப்பக்கம், நாளை வலப்பக்கம். நடுக்கோட்டைத் தாண்டி 5 மி.மீ. மேல்படிந்தால் போதும். கூரான விளிம்பில் எந்தத் துணியும் நிற்காது, நிமிர்ந்துவிடும். அதனால் விளிம்புகளை முதலிலேயே உப்புத்தாளால் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள். சக்கர வாய்ப் பக்கம் துணியை உள்ளே மடிக்க வேண்டாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், இறுகியபின் உப்புத்தாள் கட்டையால் விளிம்போடு கீழ்நோக்கி ஒரு இழுப்பு, கத்தரித்ததுபோல் வந்துவிடும்.

ரெசின் (துணியை ஒட்டி இறுகும் பிசின்) விஷயத்தில் கஞ்சனாக இருங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கூட்டின் பரப்பு 300 சதுர செ.மீ. என்றால் துணியின் எடை முக்கால் கிராம். துணியின் எடை அளவுக்கே ரெசின் நின்றால் மொத்தம் ஒன்றரை கிராம்தான். ஆனால் கலக்கும்போது 10 கிராமுக்குக் குறையாமல் கலக்குங்கள். ஓரிரு கிராம் கலந்தால் ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) அளவு சுலபமாகத் தப்பிவிடும். மிச்சம் வீணானால் போகட்டும்.

ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பாக்சி ரெசின் வேண்டவே வேண்டாம். அவசரப்பட்டு நான் ஒருமுறை அதை எடுத்தேன். மூக்குக்கு வருவதற்குள் கோப்பையில் கெட்டியாகி, பிரஷ் துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. மெதுவாக இறுகும் லேமினேட்டிங் ரெசின் வாங்குங்கள்.

துணியை உலர்ந்தபடியே விரித்து, நடுவில் ரெசின் வைத்து, ஓரத்தை நோக்கிப் பிரஷ்ஷால் தள்ளுங்கள். பிறகு டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுங்கள். நெசவின் கட்டங்கள் தெரிந்து, மேற்பரப்பு மங்கலாக இருந்தால் சரி. பளபளவென்று குளம் கட்டியிருந்தால் துணி அதில் மிதக்கிறது என்று அர்த்தம். நீங்கள் சொன்ன ஓர எழும்பலுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஈரப்பதம் மிகுந்த நாளில், இறுகிய ரெசின்மேல் எண்ணெய்ப் பிசுக்குப்போல ஒரு படலம் வரலாம். தேய்க்கும் முன் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் பெயின்ட் பிடிக்காது.

அடுத்து நெசவை நிரப்ப மெல்லிய இரண்டாவது பூச்சு, அது இறுகியதும் 320 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பு. மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம், கண்ணாடித் தூள் தோலில் பட்டால் அரித்துத் தள்ளும். தேய்க்கும்போது நெசவு மறுபடி கண்ணில் படத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.